சோறு தொடாத தாடை

1993ஆம் வருஷம் பங்குனியில், திண்டிவனத்துக்குக் கிழக்கே செவ்வோடை கிராமத்துக் காலனியில், எலிசா வீட்டுச் சுவர் மாடத்தில் இருந்த கல் தாடை ஒன்று மதியச் சாப்பாட்டு வேளையில் எதையோ மெல்வதுபோல அசையத் தொடங்கியது. அந்த வருஷம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, நல்ல விலை, தர்பூசணிக்குச் சுமாரான விலை. தாடை கிடைத்த விதத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் காலனிப் பெண்கள் ஓடைக்கரைக்குப் போய்ச் செம்மண் வெட்டி வந்து வீட்டுச் சுவருக்குப் பூசுவார்கள். எலிசா வெட்டிய கூடையில் மண்ணோடு மண்ணாக அது வந்தது. மனுஷத் தாடை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. முழுக்கக் கல்லாக இறுகிப்போன கீழ்த்தாடை, பின்பக்கம் அகலம் அகலமாகக் கடைவாய்ப் பற்கள். கோயிலுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். பங்குச் சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, இது எந்தப் புனிதருடையதும் இல்லை, அதனால் இங்கே வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கே கொண்டு வந்து மாதா படத்துக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தாள். மேல்தாடை இல்லாத குறையை அது மாடத்தின் மேற்பலகையை வைத்துச் சமாளித்துக்கொண்டது. உள்ளே ஒன்றும் இல்லாமலே மென்றது. அம்மியில் கல் உப்பு நுணுக்குகிற சத்தம். விழுப்புரத்தில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தொம்மை சனிக்கிழமை வந்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பசிக்குது போலக்குதுமே, எதனா குடு" என்றான்.

கொடுத்துப் பார்த்தார்கள். சோறு வைத்தால் தாடை அசையவில்லை. கேப்பைக் கூழுக்கும் அசையவில்லை. இட்லி, பொட்டுக்கடலை, டீக்கடை பிஸ்கட், கரும்புத் துண்டு எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு ஆக்கிய மாட்டுக்கறியிலிருந்து எலும்பை வைத்தபோதுதான் முதல்முறையாக அது வேலையைக் காட்டியது. கடித்து உடைத்து உள்ளே இருந்த மஜ்ஜையை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பியது. பிறகு ஒருநாள் களையெடுப்பு முடிந்து வந்த எலிசா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோரைக்கிழங்கை விளையாட்டாக அதன் பல்லில் வைத்தாள். நெல் வயலில் கோரை பிடுங்கும் பெண்கள் அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கிழங்கைத் துடைத்து வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். கூலிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் தீனி அதுதான். தாடை அன்றைக்குத் தின்ற மாதிரி அதற்கு முன்பு எதையும் தின்றதில்லை. காலனியே வந்து வேடிக்கை பார்த்தது. ஆளுக்கு ஒன்றாக நத்தை, வயல் நண்டு, வரப்பு எலி, காட்டுப்புல் விதை என்று கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் மென்றது. விதைத்து அறுத்த எதையும் அது தொடாது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அது உயிரோடு இருந்த காலத்தில் யாரும் எதையும் விதைத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் வேலையில்லாமல் கிடக்கும்போது நாம் தின்கிறதைத்தான் இது தின்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

விழுப்புரம் தனி மாவட்டமான மறு வருஷம் எலிசாவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல்காரி வேலை கிடைத்தது. அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்ட வேலை அது ஒன்றுதான். முதல் நாள் விடியும் முன் குளித்து, பெரிய அண்டாவில் சோறு வடித்து, சாம்பார் கொதிக்கவைத்து, மணி அடிக்கும் நேரத்துக்குக் கரண்டியோடு நின்றாள். காலனிப் பிள்ளைகள் தட்டை நீட்டின. பெரிய தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டன. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு குழந்தைக்குப் பசி தாங்காமல் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் தட்டைத் திருப்பவில்லை. மிச்சச் சோற்றை அன்று மாட்டால்கூடத் தின்று தீர்க்க முடியவில்லை. பெரிய தெருவில் பெரிய ஆள் சுப்பராயலு. ஓடைக்கரை வரைக்கும் நிலம் அவருடையது. அவர் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னார்: "அவளுக்குச் சம்பளம் குடுக்கட்டும், நாங்க வேணாம்னு சொல்லல. கரண்டிய மட்டும் தொடக்கூடாது."

அதிகாரிகளின் ஜீப் வந்தது. சமாதானக் கூட்டம் போட்டார்கள். சமாதானம் என்றால் யாருக்கு என்று கேட்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை. எலிசா பெயரளவில் சமையல்காரியாகவே இருப்பாள், ஆனால் தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது, அரிசி புடைப்பது, பாத்திரம் கழுவுவது, பெருக்குவது மட்டும் செய்வாள், கிளறுவதும் பரிமாறுவதும் பெரிய தெருப் பெண் ஒருத்தி செய்வாள் என்று முடிவானது. எத்தனை கேவலமான முடிவு என்று பாருங்கள். அவள் கை இறைத்த தண்ணீர் ஆகும், அவள் கை புடைத்த அரிசி ஆகும், அவள் கை தேய்த்த தட்டு ஆகும். கரண்டி மட்டும் ஆகாது. சத்துணவு அமைப்பாளர் பாண்டுரங்கன் நல்ல மனுஷன், அதாவது யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத மாதிரி நல்லவர். "அனுசரிச்சிக்கினு போம்மா எலிசா" என்றார். "யாரு சார் அனுசரிக்கணும்? எப்பவும் நானேவா?" என்று அவள் கேட்டாள். அவர் சாம்பார்ப் பொடி டப்பாவை எண்ணப் போய்விட்டார். அந்த அண்டாவில் தான் ஆக்கியதை ஊர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரே ஒரு நாளாவது. எலிசாவுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றாள். போன பஸ்ஸிலேயே திரும்பி வந்து விறகு பிளந்தாள்.

1997இல் புதுச்சேரியிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், தாடையைப் பார்த்துவிட்டு, செவ்வோடையில் லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே மனுஷன் வாழ்ந்திருக்கிறான் என்று எழுதிவிட்டார். அதுவரை மாட்டெலும்பு தின்னும் பிசாசு என்று அந்தத் தாடையைச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய தெரு ஒரே ராத்திரியில் மனசு மாறியது. தாடை கிடைத்த ஓடைக்கரை சுப்பராயலுவின் பட்டா நிலத்தில் இருந்தது. அவர் பங்காளிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு காலனிக்கு வந்து, எலிசா வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என் நிலத்துக்கு அடியில படுத்துக்கினு இருந்தது எங்க பாட்டனாத்தான் இருக்கணும். எடுத்து வெளிய வை" என்றார்.

"மண்ண வெட்டனது நானு. நாலு வருசமா தீனி போட்டது நானு. இது மாட்டெலும்பு துன்னுதுங்க ஐயா, தெரியும் இல்ல?"

"உங்கூட்டுல வேற இன்னா கெடச்சிருக்கும் அதுக்கு? பசிக்கு துன்னுருக்கும்."

மேளத்தோடு கொண்டுபோனார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் பட்டு விரித்து, எலிசா செம்மண் பூசிய மாடத்திலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். தொம்மை குறுக்கே போனான், அவன் சட்டையைக் கிழித்து ஓரமாகத் தள்ளினார்கள். காலனியில் யாரும் அன்றிரவு உலை வைக்கவில்லை. பெரிய தெருவில் தாடைக்குத் தகரக் கொட்டகை போட்டு, மஞ்சள் குங்குமம் இட்டு, ஆதிப்பாட்டன் என்று பெயர் வைத்து, அமாவாசையன்று படையல் போட்டார்கள். படையலுக்கு அந்தப் பக்கத்து முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்து, பிறகு பங்காளிகள் அத்தனை பேரும் அந்த இலையிலிருந்தே ஒரு பிடி சாப்பிட வேண்டும். சாப்பிட்டவன் வாரிசு. சுப்பராயலு வீட்டிலிருந்து நெய் ஊற்றிய சர்க்கரைப் பொங்கலும் வடையும் பாயசமும் வைத்தார்கள். கதவைத் திறந்து பார்த்தபோது ஒரு பருக்கை குறையவில்லை. பாட்டன் விரதம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, தெரு முழுக்க, பெரியவர் முதல் பால்குடி மறந்த பிள்ளை வரை ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்கள். வாரிசு ஆனார்கள். பாட்டனுக்குப் பிடித்தது என்ன என்று இந்த ஊரில் தெரிந்த ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலிருந்து பெரிய தெருவில் ஒருவராலும் இட்லியை மெல்ல முடியவில்லை. வாயில் போட்டதும் தாடை பூட்டிக்கொண்டது. சோறு, தோசை, சுண்டல், வாழைப்பழம், எதுவானாலும் அப்படியே. பாலும் கஞ்சியும் குடிக்கலாம், மெல்ல முடியாது. திண்டிவனத்தில் பார்த்தார்கள், புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை. டாக்டர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அதையும் கரைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் தெருவே எலும்பும் தோலுமாக ஆனது. வழக்கம்போலப் பழி எங்கே போய் இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. எலிசா செய்வினை வைத்துவிட்டாள் என்று அவள் வீட்டுச் சட்டி பானையை எல்லாம் தெருவில் போட்டு உடைத்தார்கள். மாதா படத்தின் கண்ணாடி நொறுங்கியது. போலீஸில் புகார் கொடுக்கப் போனவளை, உடைந்த பானைகளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். கொண்டுபோய்க் காட்டினாள். இது ஏற்கெனவே உடைந்த பானை மாதிரி இருக்கிறதே என்றார்கள்.

வழி கண்டுபிடித்தது சுப்பராயலுவின் மருமகள் பொன்னி. களையெடுக்கும் பெண்களை மேற்பார்க்கப் போன இடத்தில், பசி மயக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தவள் காலடியில் கிடந்த கோரைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். தாடை திறந்தது. மென்றாள். அழுதுகொண்டே இன்னொன்று பொறுக்கினாள். அன்று மாலை கொட்டகையில் ஆதிப்பாட்டனுக்கு ரகசியமாக நாலு கிழங்கு வைத்தாள், பாட்டன் கரகரவென்று மென்ற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெரிய தெருவிலிருந்து ரகசியமாகச் சொல்லிவிட, காலனிப் பெண்கள் கோரைக்கிழங்கும் நத்தையும் நண்டும் எலியும் கூடையில் வைத்து, மேலே பூவரச இலை போட்டு மூடி, பெரிய தெரு வீடுகளின் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரிய தெருக்காரர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். முன்வாசலில் ஏப்பம் விட்டுக்கொண்டு நெய்ச் சோற்றைப் பற்றிப் பேசினார்கள். சுப்பராயலு மாட்டெலும்பைக்கூட விடவில்லை, விக்கிரவாண்டியில் லாரி ஓட்டல் ஒன்றில் ஆள் வைத்து வாங்கிவரச் செய்தார். அதே சுப்பராயலு, அதே வாயால், பள்ளிக்கூடத்தில் எலிசா கரண்டியைத் தொட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே ஆறு வருஷம் ஓடியது. எலிசா ஆறு வருஷமும் விறகு பிளந்தாள்.

2003இல் சென்னையிலிருந்து மலர்விழி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பழைய பற்களைப் படிப்பது அவள் தொழில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், ஊசியால் சுரண்டித் துளிப் பொடி எடுத்துக்கொண்டு போனாள். மறு வருஷம் திரும்பி வந்து, கொட்டகைப் பந்தலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, கண்டதைச் சொன்னாள். மரத்துப் பழமும் இலையும் தின்ற பல்லில் ஒரு வகைக் கரி, அதாவது கார்பன், படியும், வெயிலில் வளரும் புல்லும் கோரையும் தின்ற பல்லில் வேறு வகை படியும். இந்தப் பல்லில் இருப்பது அந்த இரண்டாவது வகை. புல்லைத் தின்ற பிராணியைப் பிடித்துத் தின்றிருந்தாலும் அதே அடையாளம்தான் விழும், அதனால் கறியா கிழங்கா என்று கரியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது, அநேகமாக இரண்டும்தான். பல்லின் மேல் இருக்கும் கீறல்கள் மண்ணோடு சேர்த்து மென்றதைக் காட்டுகின்றன. ஓரம் பெயர்ந்திருப்பது கடினமானதைக் கடித்ததால். மெத்தென்ற எதையும் இந்த வாய் அதிகம் கண்டதில்லை.

சுப்பராயலு எழுந்தார். "புல்லும் கோரையுமா? எங்க பாட்டன் இன்னா மாடா?"

"உங்க பாட்டன்னு பல்லு சொல்லலீங்களே. யாரோட பாட்டன்னு பல்லுல இருக்காது. என்ன சாப்பிட்டாருங்கறது மட்டும்தான் இருக்கும்."

"நெய்யி? பாலு? அரிசி?"

"அரிசி பயிர் பண்ணி எத்தனை வருஷம் ஆகுது ஐயா? இவரு அதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி போய்ச் சேர்ந்துட்டாரு."

"பொம்பளப் புள்ள, படிச்சிருக்க, ஜல்தியா ஊரு போய்ச் சேரு" என்றார் சுப்பராயலு. அவள் வந்த ஜீப்பின் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மறுபடி காற்று அடித்துக்கொண்டு போனாள், போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தலின் வெளி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காலனிப் பெண்களில் எலிசாவும் இருந்தாள். பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அவளால் அன்று அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தான் பிறந்தது முதல் தின்கிற தீனியைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள், அதையே கொல்லைப்புறத்தில் வாங்கித் தின்றுவிட்டு, அதைத்தான் உங்கள் பாட்டனும் தின்றான் என்று சொன்னவளை விரட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பெண்களைக் கூட்டினாள்.

"இனிமே ஒருத்தியும் கொல்லப் பக்கம் போவக்கூடாது. கோரையப் புடுங்கினா அங்கயே மிதிச்சிட்டு வாங்க. எவனுக்கு வேணுமோ அவன் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். நான் ஆக்கிப் போடறேன். என் கையால."

"வருவாங்கன்றியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாயி கட்டனா வந்துதானே ஆவணும்."

கூடைகள் நின்றன. பெரிய தெரு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிப் பார்த்தார்கள். அவர்கள் பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வந்தது, கிழங்கு மண்ணிலேயே தங்கியது. திருவெண்ணெய்நல்லூர் வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். அங்கே ஆற்றங்கரை வயல்களிலும் களையெடுக்கிறவர்கள் எலிசாவின் சனம்தான், அத்தை மகளும் சித்தி மகளுமாக. எலிசா சொன்ன பேச்சு, ஆள் போவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. லாரி ஓட்டல்காரரும் விஷயம் கேள்விப்பட்டு, எலும்பு இல்லை என்று சொல்லிவிட்டார். பெரிய தெரு மறுபடியும் பாலையும் கஞ்சியையும் குடித்துக்கொண்டு, மறுபடியும் மெலிந்தது.

முதலில் வந்தது பிள்ளைகள்தான். ஒரு மதியம், வாய் பூட்டிக்கொண்டதால் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய தெருப் பிள்ளைகளில் ஒரு சிறுமி தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எலிசாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள். எலிசா கையில் இருந்த துடைப்பத்தைப் போட்டாள். கிளறிக்கொண்டிருந்த பெரிய தெருப் பெண்ணின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். அந்தப் பெண்ணும் பசியில்தான் இருந்தாள், கொடுத்துவிட்டாள். அண்டாவை இறக்கிக் கழுவி, காலனியிலிருந்து ஆள் விட்டு வரவழைத்த கோரைக்கிழங்கும் நத்தையும் கொட்டி, புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்தாள். பாண்டுரங்கன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேல இருந்து கேட்டா நான் இன்னா சொல்றது எலிசா? பேஜாரா பூடுமே."

"எலிசா ஆக்கனா, புள்ளைங்க துன்னுச்சின்னு சொல்லுங்க."

பிள்ளைகள் தின்றன. காலனிப் பிள்ளை எது, பெரிய தெருப் பிள்ளை எது என்று மெல்லுகிற சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. விஷயம் தெரிந்து ஓடிவந்த தாய்மார்கள் பள்ளிக்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையை இழுக்கவும் முடியவில்லை, வாசனையை விட்டு நகரவும் முடியவில்லை. மறுநாள் சுப்பராயலு வீட்டிலிருந்து காலி அடுக்குக் கேரியர் வந்தது. எலிசா அதைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள். அதற்கு அடுத்த நாளும் வந்தது, அதையும் அனுப்பினாள். மூன்றாம் முறை சுப்பராயலு தானே வந்தார், பின்னால் பங்காளிகள் வந்தார்கள். வாசலில் நின்றபடி, "எலிசா, நடந்தது நடந்துபோச்சி, இதுல போட்டுக் குடு, ஊட்ல போய்த் துன்றோம்" என்றார்.

"கேரியர்ல போடமாட்டேன். தட்டு எடுத்துக்கினு உள்ள வாங்க. வரிசையில உக்காருங்க."

"இந்தப் புள்ளைங்களோடவா?"

"புள்ளைங்க துன்னு முடிச்சிட்டாங்க. நீங்க மட்டுந்தான் பாக்கி."

அவருக்கு முகம் கறுத்தது. திரும்பிப் போயிருப்பார். வயிறு விடவில்லை. பெரிய தெரு ஆண்களும் பெண்களும் சத்துணவுக் கூடத்துத் தரையில், எலிசா காலையில் பெருக்கிய தரையில், அலுமினியத் தட்டோடு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எலிசா கரண்டியை எடுத்தாள். எடுத்து, முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவர்களுக்கு எதிரே, அதே தரையில், கால் நீட்டி உட்கார்ந்தாள். அன்று குழம்பில் போட்டிருந்த மாட்டெலும்பு ஒன்றை எடுத்துக் கடித்தாள். சாவகாசமாக மென்றாள். எதிரே இருந்தவர்களின் வாய்கள், உள்ளே ஒன்றும் இல்லாமல், அவள் வாய் அசைகிற அசைவுக்குச் சேர்ந்தே அசைந்தன. அவள் நிறுத்தினால் நின்றன, மென்றால் மென்றன. அவள் அவசரப்படவில்லை. பத்து வருஷத்து மதியங்களை நினைத்து நினைத்து மென்றாள். யாரும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. தட்டை வழித்து, கை கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்து பரிமாறினாள்.

அதற்கப்புறம் எந்த ஜீப்பும் வரவில்லை, எந்தச் சமாதானக் கூட்டமும் கூடவில்லை. தாடையைப் பெரிய தெருக்காரர்களே கொண்டுவந்து பள்ளிக்கூடச் சமையலறைப் பரணில் வைத்தார்கள், அங்கேதான் அதற்கு வேளாவேளைக்குத் தீனி கிடைக்கிறது. மலர்விழி இன்னொரு தடவை வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள், அவளுக்கும் எலிசா ஒரு தட்டு போட்டாள். கோரை பிடுங்கும் கூலி கொஞ்சம் ஏறியிருக்கிறது. 2012இல் விழுப்புரத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி, மதியம் ஒரு மணிக்கு ஊரே காலித் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து சும்மா வாயை அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம், ஏன் இன்னும் பரிமாறவில்லை என்று அதட்டினார். வரிசையின் முதல் ஆளாக இருந்த சுப்பராயலு, நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"எலிசாம்மா சாப்ட்டுக்கினு இருக்காங்க சார்" என்றார். "உக்காருங்க. முடிச்சிட்டு வருவாங்க."

அதிகாரி உட்கார்ந்தார்.